சோற்றை விட்டதும் நடுக்கமா? குளிசையைக் கவனியுங்கள்

தம்பி, சீனி வருத்தத்துக்காக அம்மா சோறு, பிட்டு எல்லாம் விட்டு மூன்று வாரம், இப்போது விடியற்காலையில் வியர்த்து நடுங்குகிறார் என்று களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறி இறங்கினால் இப்படித்தான் வரும். சோற்றைக் குறைத்தும், சீனியைக் குறைக்கும் கிளிக்ளசைட் குளிசையோ இன்சுலினோ பழைய அளவிலேயே போகிறதா? நடுங்கும்போது உடனே விரலில் குத்திச் சீனி அளவைப் பாருங்கள். 70 mg/dLக்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். மயங்கினால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நாளைக்கே கிளினிக்கில் காட்டுங்கள். அளவை நீங்களாக மாற்ற வேண்டாம்.

அப்புறம், தானியத்தை விட்டவர்களுக்குக் குரக்கனும் மரவள்ளியும் கொடுக்கலாமா என்றால், குரக்கனும் தானியம்தான். மரவள்ளி தானியமில்லை, ஆனால் மாச்சத்து நிறைய. எங்கள் வீட்டில் மதியத்துக்கு வாவி மீன் குழம்பு, முருங்கையிலை வறை, சீனி போடாத எருமைத் தயிர். எங்கள் அம்மாவுக்கு அதில் வயிறு நிறைகிறது.