விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்தால் வைரஸ் முழுமையாகப் போய்விடுமா?

பெரும்பாலும் போய்விடும், ஆனால் வட்டு முழுவதையும் அழித்துவிட்டுப் போட்டால்தான்.

நம் ஊர் சர்வீஸ் கடைகளில் 'ஓஎஸ் போட்டுத் தருகிறோம்' என்றால் சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்வார்கள். கல்யாண போட்டோ, பிள்ளைகளின் ப்ராஜெக்ட் எல்லாம் டி டிரைவில் இருப்பதால் அதைத் தொடமாட்டார்கள். சாலிட்டி, ராம்நிட் போன்ற வைரஸ்கள் தப்பிப் பிழைக்க இது போதும். இவை சாஃப்ட்வேரை ஓட்டும் இஎக்ஸ்இ கோப்புகளுக்குள்ளேயே ஒட்டிக்கொள்பவை. டி டிரைவில் 'சாஃப்ட்வேர்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருப்போமே, விஎல்சி, வின்ரார், பிரிண்டர் டிரைவர் எல்லாம் போட்டு? விண்டோஸ் ஏறியதும் முதல் வேலையாக அதிலிருந்து ஒன்றை டபுள் கிளிக் செய்வோம். போன வைரஸ் அந்த நிமிடமே திரும்பிவிடும்.

அதனால் வேறொரு நல்ல கணினியில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, பென்டிரைவில் விண்டோஸை ஏற்றிக்கொள்ளுங்கள். போட்டோ, டாக்குமென்ட் மட்டும் வெளி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். பழைய செட்டப் கோப்பு ஒன்றுகூட வேண்டாம். அப்புறம் இன்ஸ்டால் செய்யும்போது கணினிக்குள் இருக்கும் டிஸ்க்கின் எல்லாப் பார்ட்டிஷனையும் (சி, டி போன்ற பிரிவுகள்) டெலீட் செய்யுங்கள். 2023இல் ஈசெட் என்ற வைரஸ் தடுப்பு நிறுவனம் அலசி வெளியிட்ட பிளாக்லோட்டஸ் என்ற வைரஸ், கணினியைத் துவக்கும் சின்னப் பார்ட்டிஷனில் உட்காருவது. சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்தால் அது தப்பிவிடலாம்.

எல்லாவற்றையும் அழித்தாலும் போகாததும் உண்டு. 2018இல் கண்டுபிடிக்கப்பட்ட லோஜாக்ஸ் என்ற வைரஸ் மதர்போர்டு சிப்பிலேயே தங்கிவிடும், ஹார்டு டிஸ்க்கை மாற்றினாலும் போகாது. ஆனால் அது அரசு அமைப்புகளைக் குறிவைத்தது. வீட்டுக் கணினிக்கு அந்தப் பயம் வேண்டாம்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வேறு. அவ்வளவு பாடுபட்டுச் சுத்தம் செய்த கணினியில், விண்டோஸின் சொந்த வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை அணைத்துவிட்டு, காசு கொடுக்காமல் விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் கிராக் ஆக்டிவேட்டரை ஓட்டுகிறார்கள். வைரஸ் முதலில் வந்ததே பல வீடுகளில் அந்த வழியாகத்தான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வந்தது ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வகை) என்றால் அவசரப்பட்டு ஃபார்மட் செய்ய வேண்டாம். வைரஸ் போகும், பூட்டிய கோப்புகள் திறக்காது. அவற்றைத் தனி டிஸ்க்கில் காப்பி எடுத்து வையுங்கள். சில வகைகளுக்குத் திறக்கும் கருவி பின்னால் கிடைத்திருக்கிறது, 'நோ மோர் ரேன்சம்' தளத்தில் இலவசமாகத் தேடலாம்.

கடவுச்சொல் திருடும் வகை என்றால், திருடுபோனதை எந்த இன்ஸ்டாலும் திருப்பித் தராது. சுத்தமான மொபைலில் இருந்து மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை மாற்றி, எல்லாச் சாதனங்களிலும் லாக் அவுட் கொடுங்கள். குரோமில் சிங்க் போடும் முன் எக்ஸ்டென்ஷன் பட்டியலையும் பாருங்கள். கெட்ட எக்ஸ்டென்ஷன் இருந்தால் சிங்க் வழியாக அதுவும் புது விண்டோஸுக்கு வந்துவிடும்.