தாத்தா பெட்டியில இருந்த தங்கச் சுரங்க ஷேருக்கு இன்னைக்கு காசு வருமா?

குடியாத்தத்துல இருந்து ஒரு வாசகர் மூணு பேப்பரை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கார். கொள்ளுத்தாத்தா மெட்ராஸ்ல ஒரு வெள்ளைக்கார ஏஜென்சி ஆபீஸ்ல குமாஸ்தாவாம், அவரோட டிரங்க் பெட்டியில கிடைச்சதாம். ஒண்ணு, 1881ல தேவாலா பக்கம் தங்கம் எடுக்கறோம்னு லண்டன்ல ஆரம்பிச்ச கம்பெனி ஷேர். ரெண்டாவது கோலார்ல தங்கம் எடுத்த உரிகம் கம்பெனியோட பிரிஃபரன்ஸ் ஷேர், அதாவது டிவிடெண்ட்ல சாதா ஷேருக்கு முன்னாடி உரிமை உள்ளது. மூணாவது கல்கத்தா நிலக்கரி கம்பெனி, அது ரூபாய்ல இருக்கு. "ஒரு பவுண்டுன்னு போட்டிருக்கு, வட்டியோட சேர்த்தா லட்சக்கணக்குல வரும், 15,000 ரூபா கட்டுங்க நான் வாங்கித் தரேன்னு ஒருத்தர் சொல்றார், கட்டலாமா?"ங்கறதுதான் அவர் கேள்வி.

கட்டாதீங்க சார். முதல்ல ஷேருக்கு வட்டியே கிடையாது, அது கடன் பத்திரம் இல்ல. அடுத்தது, அந்த ஒரு பவுண்டுங்கறது முகமதிப்பு, பேப்பர்ல அச்சடிச்ச தொகை, அவ்வளவுதான். அந்தக் காலத்துல ஷேர் வாங்கும்போது முழுசா கட்ட மாட்டாங்க, கொஞ்சம் கட்டிட்டு மீதியை கம்பெனி கட்டச் சொல்லி கேக்கும்போது, அதாவது "கால்" போடும்போது, தவணையா கட்டுவாங்க. அதனால பேப்பர்ல இருக்கற தொகை வேற, ஜனங்க நிஜமா கட்டின தொகை வேற, அதுலயும் சுரங்கத்துக்குள்ள போனது இன்னும் வேற.

உங்க தேவாலா பேப்பர் இதுக்கு சரியான உதாரணம். 1879-80 வாக்குல ஆஸ்திரேலியாவுல இருந்து பிரஃப் ஸ்மித்னு ஒரு நிபுணரை வரவழைச்சு அரசாங்கம் ரிப்போர்ட் வாங்குச்சு, அவர் ரொம்ப நம்பிக்கையா எழுதிட்டார். அதை வச்சு லண்டன்ல கம்பெனி மேல கம்பெனியா ஆரம்பிச்சாங்க, ரெண்டே வருஷத்துல கிட்டத்தட்ட 40 கம்பெனி, முகமதிப்புக் கணக்குல 50 லட்சம் பவுண்டு அளவுக்கு. இதுல யாருக்கு லாபம்னு பாருங்க, காபி எஸ்டேட் வச்சிருந்தவங்களுக்கு. இலை நோயும் தண்டு துளைக்கற பூச்சியும் வந்து காபி படுத்துக்கிட்டு இருந்த நேரம், அந்த எஸ்டேட்டையே தங்க நிலம்னு சொல்லி கம்பெனி தலையில நல்ல விலைக்குக் கட்டிட்டாங்க, பாதி காசு, பாதி ஷேர். நடுவுல கம்பெனியை ஆரம்பிச்சுவிட்ட புரமோட்டருக்கு ஒரு பங்கு, போர்டுல பேருக்கு உக்கார சர் பட்டம் போட்ட ஒரு ஜெனரல், விளம்பரச் செலவு, இதெல்லாம் போக மெஷின் வாங்க மிஞ்சினது சொற்பம். அந்த சொற்பத்துல வாங்கின மெஷினையும் பாறையில எவ்வளவு தங்கம் இருக்குன்னு ஒழுங்கா பாக்காமலேயே கொண்டுவந்து இறக்கினாங்க. பந்தலூர் பக்கம் காட்டுக்குள்ள இருக்கற பழைய குழிங்கள்ல பலது அந்த ரெண்டு மூணு வருஷக் கூத்துல தோண்டினதுதான். அந்த பேப்பருக்கு 1885லயே காசு கிடையாது சார், இப்ப எங்க வரப்போகுது.

கோலார் கதை வேற. மைக்கேல் லாவெல்னு ஒரு ஐரிஷ் சிப்பாய், பெங்களூர் லாவெல் ரோடு அவர் பேர்லதான் இருக்கு, 1875ல மைசூர் அரசாங்கத்துக்கிட்ட 20 வருஷ குத்தகை வாங்கினார். கையில காசு இல்ல, ஒண்ணு ரெண்டு குழி தோண்டினதுலயே முடிஞ்சு போச்சு, உரிமையை ஜெனரல் பெரஸ்ஃபோர்டும் அவர் கூட்டாளிகளும் சேர்ந்த சிண்டிகேட்டுக்கு மாத்திக்கொடுத்துட்டார். அவங்க நிலத்தைப் பிரிச்சு பல கம்பெனிக்கு வித்தாங்க. 1880ல மைசூர் கம்பெனி, உரிகம் கம்பெனி எல்லாம் வந்துச்சு, நாலஞ்சு வருஷத்துல காசு கரைஞ்சு போச்சு. மைசூர் கம்பெனியில 13,000 பவுண்டு சொச்சம்தான் பாக்கி, திருப்பிக் கொடுத்துடுங்கன்னு பங்குதாரருங்க கத்தறாங்க, சுரங்க நிர்வாகம் பண்ற ஜான் டெய்லர் கம்பெனிக்காரங்க கெஞ்சி அதை வாங்கி கேப்டன் பிளம்மரை அனுப்பறாங்க, அவர் தோண்டினதுலதான் சாம்பியன் ரீஃப்ங்கற தங்கப் பாறை அடுக்கு சிக்குச்சு.

இப்ப உங்க உரிகம் பேப்பருக்கு வரேன், எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சது. கம்பெனி திணறிக்கிட்டு இருந்த 1885ல அதோட ஒரு பவுண்டு சாதா ஷேர் மார்க்கெட்ல வெறும் ரெண்டரை ஷில்லிங். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், அப்ப எட்டுல ஒரு பங்கு விலை! இந்த நிலைமையில புது ஷேரை முழு விலைக்கு எவன் வாங்குவான்? அதனால பிரிஃபரன்ஸ் ஷேர் போட்டு, 15 ஷில்லிங் கட்டினதா நாங்களே எழுதிக்கறோம், நீங்க 5 கட்டினா போதும்னாங்க. காசு வந்துச்சு, தங்கமும் வந்துச்சு, அந்த ஷேர் விலை எகிறிப்போச்சு. உடனே சாதா ஷேர் வச்சிருந்த ரோப்பர்ங்கறவர் கேஸ் போட்டார். 1892ல பிரபுக்கள் சபை, அப்ப இங்கிலாந்தோட உச்ச நீதிமன்றம் மாதிரி, என்ன சொல்லுச்சுன்னா, முகமதிப்புக்குக் கீழ ஷேர் கொடுக்கறது செல்லாது, பாக்கிக்கும் பங்குதாரர் பொறுப்புதான்னு. கம்பெனி சட்டம் படிக்கற பசங்க இன்னைக்கும் இந்த கேஸை மனப்பாடம் பண்றாங்க, நம்ம 2013 சட்டத்துல 53வது பிரிவும் இதே தடைதான். ஆனா காசுன்னு பாத்தா இதுவும் பூஜ்யம், 1956ல மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கிச்சு, நஷ்டஈடு போனது கம்பெனிக்கு, கையில பேப்பர் வச்சிருக்கறவங்களுக்கு இல்ல. சந்தேகம்னா லண்டன் கெஸட் பழைய இதழ்ங்க இணையத்துல இலவசமா இருக்கு, கம்பெனி பேரைப் போட்டு கலைப்பு அறிவிப்பைத் தேடுங்க. கலைச்ச கம்பெனி ஃபைலுங்க லண்டன் கியூவுல இருக்கற தேசிய ஆவணக் காப்பகத்துல பி.டி. 31ங்கற வரிசையில இருக்கும். இதுக்கெல்லாம் 15,000 எதுக்கு?

கொஞ்சமாச்சும் தேடிப் பாக்க வேண்டியது அந்த நிலக்கரி பேப்பரைத்தான். தங்கம் இருக்கா இல்லையாங்கறது சூதாட்டம், அதுக்கு லண்டன் காசு வேணும். நிலக்கரி அப்படி இல்ல, படுகை கண்ணுக்குத் தெரியும், வாங்கறதுக்கு ரயில்வே இருக்கு, அதனால கல்கத்தாவுலயே ரூபாய்ல திரட்டினாங்க. துவாரகநாத் தாகூர் 1836ல ராணிகஞ்ச் சுரங்கத்தை 70,000 ரூபாய்க்கு வாங்கினதுல இருந்தே அங்க இந்தியக் காசும் உண்டு. ஜமீன்தாருக்கு முன்பணமா சலாமி, டன்னுக்கு இவ்வளவுன்னு ராயல்டி, நிர்வாகம் மேனேஜிங் ஏஜென்சி, அதாவது கமிஷனுக்கு கம்பெனியை நடத்தற இன்னொரு நிறுவனம், கையில, அவங்க போட்டது கொஞ்சம், கமிஷனா எடுத்தது நிறைய.

1971லயும் 73லயும் சுரங்கங்களைத்தான் அரசு எடுத்துச்சு, கம்பெனியை இல்ல. அதனால சில கம்பெனிங்க பேரு மாறி, வேற கம்பெனியோட சேர்ந்து இன்னும் இருக்கலாம். கம்பெனி விவகார அமைச்சக வெப்சைட்ல பழைய பேரைப் போட்டுத் தேடுங்க. உயிரோட இருந்து, ஏழு வருஷம் டிவிடெண்ட் வாங்காம விட்டதால ஷேர் ஐ.இ.பி.எஃப்.ங்கற அரசாங்க முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போயிருந்தா, வாரிசு சான்று வச்சு முதல்ல கம்பெனிக்கிட்ட பேசிட்டு ஐ.இ.பி.எஃப். 5 ஃபாரம் போடலாம், அதுக்குக் கட்டணம் கிடையாது.

மத்தபடி பழைய ஷேர் பேப்பர் சேர்க்கறவங்க உலகம் பூரா இருக்காங்க, படமும் கையெழுத்தும் நல்லா இருந்தா வாங்குவாங்க. லேமினேட் மட்டும் பண்ணிடாதீங்க. வெளிநாட்டுக்காரர் கேட்டார்னு கூரியர்ல போடறதும் வேணாம், 75 வருஷம் தாண்டின வரலாற்று ஆவணம் 1972 தொல்பொருள் சட்டத்துக்குள்ள வரும், வெளிய அனுப்பினா வம்பு. உரிகம் பேப்பரோட பின்பக்கத்தையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க சார், கால் கட்டின குறிப்பு இருக்கான்னு பாக்கணும்.