பருவுக்கு மூன்றாம் தரம் என்றால், எத்தனைக்கு மூன்று?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. முகமெல்லாம் பரு. கிளிநொச்சியில் ஓர் அழகுக்கலை நிலையத்தில் கைபேசியால் முகத்தைப் படம் பிடித்து, "மூன்றாம் தரம், கடுமையானது" என்றார்கள். 18,000 ரூபாவுக்குப் பூச்சுகள் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
— ஒரு தாய், பரந்தன்

பதில்: வாங்க வேண்டாம், அம்மா. எத்தனைக்கு மூன்று என்று முதலில் கேளுங்கள். வைத்தியர்கள் 0 முதல் 4 வரை தரமிடும் முறையில் மூன்று என்பது நடுத்தரம்தான். 1997இல் வெளியான இன்னொரு முறையில் உச்சம் 44. அதில் மூன்று என்றால் மிக இலேசு.

இந்த 44 புள்ளி முறையை நீங்களே போட்டுப் பார்க்கலாம். நெற்றிக்கும் ஒவ்வொரு கன்னத்துக்கும் 2, மூக்குக்கும் நாடிக்கும் தலா 1, நெஞ்சும் மேல்முதுகும் சேர்த்து 3. அந்தந்த இடத்தில் உள்ள ஆக மோசமான பருவைப் பாருங்கள்: கரும்புள்ளி, வெண்புள்ளிக்கு 1, சிவந்த பருவுக்கு 2, சீழ் வைத்ததற்கு 3, ஆழமான கட்டிக்கு 4. இடத்தின் எண்ணைப் பருவின் எண்ணால் பெருக்கி, எல்லா இடத்தையும் கூட்டினால் 18 வரை இலேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை.

நெற்றியிலும் நாடியிலும் சிவந்த பரு, இரு கன்னங்களிலும் சீழ், மூக்கில் கரும்புள்ளி என்றால் 19. முதுகிலும் சீழ்ப்பரு இருந்தால் 28. முகத்தை மட்டும் பிடித்த படத்துக்கு அந்த 9 எப்படித் தெரியும்? இந்த முறையிலும் குறை உண்டு. கன்னத்தில் ஒரு சீழ்ப்பருவும் இருபதும் அதற்கு ஒன்றே. தழும்பையும், பள்ளிக்கூடம் போகக் கூசும் பிள்ளையின் மனதையும் அது அளப்பதில்லை. வைத்தியர் அவற்றையும் கேட்டுத்தான் மருந்து எழுதுவார்.

உள்ளடக்கம் அச்சிடாத பூச்சை முகத்தில் தடவவே விடாதீர்கள். ஸ்டீரொயிட் கலந்திருந்தால் முதலில் சிவப்பு அடங்கும். பின்னர் அதுவே பருவைக் கிளப்பும்.

கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் வெளிநோயாளர் பிரிவில் காட்டுங்கள், கட்டணம் இல்லை. கட்டியோ தழும்போ தென்பட்டால் தாமதிக்காமல் தோல் வைத்திய நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால் பற்றுச்சீட்டையும் பூச்சுப் பெட்டியையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடுங்கள்.