சாதனத்துக்குச் சாதனம் தனி சுவிட்ச் வேண்டுமா?

கேள்வி: புதிதாக வீடு கட்டி வருகிறோம். கீசர், ஏ.சி., வாஷிங் மெஷின், சமையலறைச் சிம்னி, கிணற்று மோட்டார் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அருகிலேயே தனி சுவிட்ச் வைக்க வேண்டும் என்கிறார் எலக்ட்ரீஷியன். எல்லாவற்றுக்கும் எம்.சி.பி. (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே துண்டித்துக்கொள்ளும் சுவிட்ச்) இருக்கும்போது அது வீண் செலவு என்கிறார் பொறியாளர். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: சாதனத்தின் பெயரை வைத்து இதை முடிவு செய்ய இயலாது. பழுது பார்க்கவோ துடைக்கவோ அதற்குள் கைவைப்பவர், தாமே மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, வேலை முடியும்வரை வேறு யாரும் அதைப் போட்டுவிட மாட்டார்கள் என்ற உறுதியோடு இருக்க முடியுமா என்று பாருங்கள். முடியுமென்றால் கூடுதல் சுவிட்ச் தேவையில்லை. முடியாதென்றால் செலவைப் பாராமல் வைத்துவிட வேண்டும்.

மிக்ஸி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி போன்றவற்றில் பிளக்கை உருவினாலே ஃபேஸ் (மின்சாரம் வரும் கம்பி), நியூட்ரல் (அது திரும்பிச் செல்லும் கம்பி) இரண்டும் ஒருசேரப் பிரிந்துவிடுகின்றன. அதைவிட உறுதியான துண்டிப்பு வேறில்லை. ஆனால் பிளக் கைக்கு எட்ட வேண்டும். வாஷிங் மெஷினுக்கும் ஃபிரிட்ஜுக்கும் பின்னால் சாக்கெட் மறைந்துவிடுமானால், அதன் சுவிட்சை மட்டும் பக்கவாட்டுச் சுவரில், எதையும் நகர்த்தாமல் தொடக்கூடிய உயரத்தில் அமைக்கச் சொல்லுங்கள். சிம்னிக்கும் இதுவே போதும்.

உங்கள் பட்டியலில் நான் முதலிடம் கொடுப்பது கிணற்று மோட்டாருக்கு. ஸ்டார்ட்டர் வீட்டுக்குள்ளும் மோட்டார் கொல்லைக்கோடியிலும் இருப்பதே நம் வழக்கம். மெக்கானிக் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, குழாயில் தண்ணீர் வரவில்லையே என்று வீட்டுக்குள் ஒருவர் ஸ்டார்ட்டரை அழுத்திவிடக்கூடும். தொட்டியின் நீர்மட்டத்தைப் பார்த்துத் தானே ஓடும் ஆட்டோமேட்டிக் கருவி பொருத்தியிருந்தால் அந்த ஒருவர்கூடத் தேவையில்லை. ஆகவே, மழைநீர் புகாத பெட்டிக்குள், பூட்டக்கூடிய டபுள் போல் சுவிட்ச் (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேரத் துண்டிப்பது) ஒன்று மோட்டாருக்கு அருகிலேயே இருப்பது அவசியம் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது கீசர். 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும் என்பதால் 6 ஆம்பியர் சுவிட்ச் தாங்காது. குளியலறைக்கு வெளியே, சிறு விளக்குடன் கூடிய 20 ஆம்பியர் டபுள் போல் சுவிட்ச் வையுங்கள். சாதாரண சுவிட்ச் ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கும். அது ஃபேஸ் கம்பியாக இருக்க வேண்டும், நியூட்ரலைத் தனியே துண்டிக்கக் கூடாது என்று 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளே கூறியிருந்தாலும், வயரிங்கின்போது எங்கேனும் இரண்டும் இடம்மாறிவிட்டால் சுவிட்ச் நியூட்ரலையே துண்டிக்கும். தண்ணீர் சூடாவது நின்றுவிடுவதால் மின்சாரம் இல்லையென்று நாம் நம்பியிருக்க, உள்ளே ஃபேஸ் அப்படியே காத்திருக்கும். டபுள் போல் சுவிட்சில் இந்த அபாயம் இல்லை.

ஏ.சி.யை ரிமோட்டில் நிறுத்துவது துண்டிப்பே அன்று. பெரும்பாலான வீடுகளில் அதன் சுவிட்ச் படுக்கையறையிலும், வெளிப்பகுதி சன்ஷேடு மீதோ மொட்டைமாடியிலோ இருப்பதால், அங்கே வேலை செய்பவருக்குச் சுவிட்ச் கண்ணில் படுவதில்லை. வெளிப்பகுதிக்கு அருகில் இன்னொரு டபுள் போல் சுவிட்ச் வைப்பது அவருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதிலுள்ள கெப்பாசிட்டர்களில் சிறிது நேரம் மின்னூட்டம் தங்கியிருக்கும். உடனே கைவைக்கக் கூடாது.

பொறியாளர் கூறுவதும் ஓரளவு பொருந்தும். எம்.சி.பி. பெட்டி அதே தளத்தில், பார்வைக்குட்பட்ட இடத்தில் இருந்து, எது எதற்குரியது என்று தெளிவாக எழுதியும் இருந்தால் அதையே துண்டிப்பானாகப் பயன்படுத்தலாம். ஆனால் ஒற்றை எம்.சி.பி. ஃபேஸை மட்டுமே பிரிக்கும் என்பதால் கீசர், ஏ.சி., மோட்டார் மூன்றுக்கும், இரு கம்பிகளையும் ஒருசேரப் பிரிக்கும் இரட்டை எம்.சி.பி. கேளுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் இருக்கட்டும், எனினும் அது இவற்றுக்கு மாற்றாகாது. பூமிக்குக் கசியும் மின்சாரத்தை மட்டுமே அது உணரும். ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருவர் ஒருசேரத் தொட்டு, உடலிலிருந்து பூமிக்குக் கசிவும் இல்லாதிருந்தால் அதற்குத் தெரியாது.

கேள்வி: மெயின் சுவிட்சை நிறுத்திய பிறகும் மின்விசிறியின் வயரில் டெஸ்டர் ஒளிர்ந்தது. வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. அதுதான் காரணமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பெரும்பாலும் அதுவே. மெயினை நிறுத்தியதும் மின்வெட்டு ஏற்பட்டதாகக் கருதி, இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து 230 வோல்ட் தரத் தொடங்கிவிடும். அதன் முகப்பில் உள்ள பொத்தானை மட்டும் நிறுத்துவதும் போதாது. பல வகைகளில் அது பேட்டரி மின்சாரத்தை மட்டுமே நிறுத்தும், மெயின் மின்சாரம் வழக்கம்போல உள்ளே சென்றுகொண்டிருக்கும். ஆகவே இரண்டையும் நிறுத்த வேண்டும். இன்வெர்ட்டரிலிருந்து வீட்டுக்குச் செல்லும் இணைப்பில் ஒரு டபுள் போல் சுவிட்ச் பொருத்தி, அதன்மேல் ‘இன்வெர்ட்டர் லைன்’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள். எந்த வயரையும் தொடுமுன், மின்சாரம் இருப்பது உறுதியான ஓரிடத்தில் டெஸ்டரை ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். பழுதான டெஸ்டர் ஒளிராததை மின்சாரம் இல்லை என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து அதனால் நீங்கும்.