சத்தம் வருகிறது, படம் வரவில்லை

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் சுடலைமாடசாமி கோயில் கொடைத் திருவிழாவில் நடந்த வில்லுப்பாட்டை ஐபோனில் எடுத்து ஊர் இணையதளத்தில் அப்படியே ஏற்றினேன். என் போனில் நன்றாக ஓடுகிறது. சென்னையில் பெரியப்பா கம்ப்யூட்டரில், குரோமில் சத்தம் மட்டும் கேட்கிறதாம். படம் ஒரே கருப்பு. வீடியோ கெட்டுவிட்டதா?
- வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: கெடவில்லை தம்பி, அவசரப்பட்டு அழித்துவிடாதீங்க. பாளையங்கோட்டையில் என் கடைக்கும் போன மாசம் இதே மாதிரி ஒரு பென்டிரைவ் வந்தது. வீசுகோல் நாணில் பட்டு மணி குலுங்குகிறது, குடம் அதிர்கிறது, புலவர் முகத்தை மட்டும் காணோம். கொண்டுவந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பாடியவர் அவர் அண்ணன்.

வீடியோ ஃபைல் என்பது வெறும் பெட்டிதான். உள்ளே படத்தைச் சுருக்கி அடுக்கியிருக்கும் முறைக்குப் பெயர் கோடெக். 2017 முதல் புது ஐபோன்கள், நாம் செட்டிங்ஸை மாற்றாதவரை, எச்.265 என்ற கோடெக்கில்தான் எடுக்கின்றன. இடம் மிச்சம். சத்தம் வேறு கோடெக்கில் இருப்பதால் அது பாட்டுக்கு ஓடுகிறது.

அப்படிச் சுருக்கிய படத்தைப் பிரித்துக் காட்டும் வழி பிரவுசர்காரர்களுக்குத் தெரியாமல் இல்லை. தடை உரிமத்தில் இருக்கிறது. 2013-இல் வந்த எச்.265-க்குள் ஏகப்பட்ட கம்பெனிகளின் காப்புரிமை. பணம் வசூலிக்க ஒன்றுக்கு மூன்றாகக் கூட்டமைப்புகள் கிளம்பின. பிரவுசரைச் சும்மா கொடுக்கிறவர்கள் எத்தனை பேருக்குக் கப்பம் கட்டுவார்கள்? குரோம் 2022-இல் ஒரு வழி கண்டது: கம்ப்யூட்டரின் சிப்புக்கே பிரிக்கத் தெரிந்தால் ஓட்டும், இல்லையென்றால் இல்லை. பெரியப்பாவுடையது பழைய கம்ப்யூட்டராக இருக்கும்.

அதற்கு முந்தைய எச்.264-க்கும் உரிமக் கட்டணம் உண்டு. அங்கே சிஸ்கோ என்ற நெட்வொர்க் கம்பெனி ஒரு நல்ல காரியம் செய்தது. ஓப்பன்எச்264 என்று தானே எழுதி, மூல நிரலையும் திறந்துவைத்து, தான் விநியோகிக்கும் பிரதிக்குக் கட்டணத்தையும் தானே கட்டுகிறது. மொசில்லாவின் ஃபயர்பாக்ஸ் பிரவுசருக்கு அது பெரிய உதவி. நம்ம ஊர்ச் சத்திரத்தில் யாரோ ஒருத்தர் அரிசி மூட்டை இறக்கிவிட்டுப் போவது மாதிரி என்று எனக்குத் தோன்றும். கட்டணமே வேண்டாம் என்று கூகுள், மொசில்லா, நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் சேர்ந்து 2018-இல் ஏவி1 என்ற கோடெக்கைக் கொண்டுவந்தார்கள். என் மனசு அந்தப் பக்கம்தான். ஆனால் நம் கையில் இருக்கிற மெஷினில் மூன்று மணி நேர வில்லுப்பாட்டை அதில் மாற்றுவது லேசில் முடிகிற வேலை இல்லை.

அதனால் இப்போதைக்கு எச்.264. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் மாற்றி ஏற்றுங்கள். ஃபைல் கொஞ்சம் பெரிதாகும், பரவாயில்லை. மாற்றும்போது தெளிவு சிறிது குறையும் என்பதால் அசலைத் தனி ஹார்டு டிஸ்க்கில் பத்திரமாக வையுங்கள். அப்புறம், அடுத்த கொடைக்கு முன்னாடியே ஐபோன் செட்டிங்ஸில் கேமரா, அதில் ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' வைத்துவிடுங்கள், எடுக்கும்போதே எச்.264 ஆகிவிடும்.

பெரியப்பாவுக்குச் சொல்வதற்கு முன், தெருவில் யார் வீட்டிலாவது கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். முதல் நிமிஷத்தோடு நிறுத்தாமல், கோமரத்தாடி, அதாவது சாமியாடி, வேட்டைக்குக் கிளம்புகிற இடம் வரை பாருங்கள்.