வாசகர் கேள்வி பதில்: பாடகி டைனா ஷோர்

வாசகி, தஞ்சாவூர்: அமெரிக்கப் பாடகி டைனா ஷோர் பிற்காலத்தில் பகல்நேரப் பேட்டி நிகழ்ச்சி நடத்தியதாகப் படித்தேன். பாட்டுக்கு வரவேற்பு குறைந்ததுதான் காரணமா?

பதில்: ஓரளவுக்கு அப்படித்தான். 1956 முதல் 1963 வரை, 1961 வரை ஷெவர்லே கார் நிறுவனத்தின் ஆதரவோடு, அவர் நடத்திய இரவுநேர இசை நிகழ்ச்சி முடிந்தபோது, ராக் இசை எழுந்துவந்துகொண்டிருந்தது. அவருடைய பாணிப் பாடல்களுக்கு முந்தைய இடம் இல்லை. ஆயினும் 1970 ஆகஸ்டில் என்.பி.சி. தொலைக்காட்சி காலைநேரத்தில் தொடங்கிய 'டைனாஸ் பிளேஸ்' என்ற பேட்டி நிகழ்ச்சி அவருக்கு அத்தனை இயல்பாகப் பொருந்தியதற்கான காரணத்தை, அவர் பாடவந்த விதத்தில்தான் தேட வேண்டும் என்பது என் கருத்து.

டென்னசியில் 1916இல் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளை வாதத்தை எதிர்கொண்டு மீண்ட அவர், நியூயார்க்கில் பென்னி குட்மன் போன்ற பெரிய இசைக்குழுத் தலைவர்களின் குரல்தேர்வுகளில் தேறவில்லை. அதனால் குழுப் பாடகியாக அல்லாமல், வானொலியில் தனிக்குரலாகவே வளர்ந்தார். முழு வாத்தியக் குழுவையும் மிஞ்சிப் பாடவேண்டிய கட்டாயம் இல்லாத அந்தக் குரல், ஒலிவாங்கிக்கு அருகே நின்று, வீட்டில் தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவரிடம் பேசுவதுபோலப் பாடப் பழகியது. அதே பழக்கம்தான் முப்பது ஆண்டுகள் கழித்துப் பேட்டியிலும் கைகொடுத்தது. சமையலறையோடு வீடு போலவே அமைத்த அரங்கில், விருந்தினர் அடுப்பருகே நின்று சமைத்துக்கொண்டே பேசினார்கள். கை வேலையில் இருக்கும்போது, நட்சத்திரங்களும் தயக்கமின்றிப் பேசிவிடுகிறார்கள்.

வாசகர், கோயம்புத்தூர்: அப்படியானால் அது இல்லத்தரசிகளுக்கான சமையல் நிகழ்ச்சி மட்டும்தானா?

பதில்: என்.பி.சி.யும் அப்படி எண்ணியிருக்கலாம்; 1974இல் அதை நிறுத்திவிட்டது. ஆனால் அதே ஆண்டிலேயே அவர் 'டைனா!' என்ற நீண்ட நிகழ்ச்சியைத் தொடங்கினார். அது ஊர்தோறும் உள்ள நிலையங்களுக்கு விற்கப்பட்டு ஒளிபரப்பானது. அறுபது வயதை எட்டியிருந்த அவர், 1976இல் ராக் பாடகர் டேவிட் போவியையும், அடுத்த ஆண்டு போவியோடு மற்றொரு ராக் பாடகர் இக்கி பாப்பையும் அழைத்து, வேறு யாரை வரவேற்பாரோ அதே மரியாதையோடு வரவேற்றார். தமக்குப் பழக்கமில்லாத, தம் பாணியைப் பின்னுக்குத் தள்ளிய இசையைப் பாடுபவர்களிடம் மனமாரக் கேள்வி கேட்ட அந்தப் பண்பையே நான் மிகவும் மதிக்கிறேன். பேட்டியின் நடுவே அவரும் பாடுவதுண்டு. ஆகவே பாட்டை அவர் விட்டுவிட்டார் என்று சொல்வது பொருந்தாது.