இந்தி தெரியாத அம்மாவை மும்பையில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு எப்படி அனுப்புவது? தம்பியைத் துணைக்கு அனுப்பலாமா?

தம்பியை அனுப்பாதீர்கள். எட்டாவது படிக்கிறான், இந்தி நன்றாகப் பேசுவான் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு நானும் எட்டாவதுதான்.

1997. தாராவியில் எங்கள் சந்தில் பாதிப் பேர் திருநெல்வேலிப் பக்கம். கடை, தண்ணீர்க் குழாய், அம்மாவின் இட்லி வியாபாரம் எல்லாம் தமிழிலேயே நடந்துவிடும். ஆஸ்பத்திரிக்கு மட்டும் நான் வேண்டும். யூனிஃபார்மோடு போனேன். டாக்டரம்மா கேஸ் பேப்பரை (நோயாளிச் சீட்டு) பார்த்தபடி, "ஸஃபேத் பானி ஜாதா ஹை கியா?" என்றார். "வெள்ளைத் தண்ணி போகுதான்னு கேக்காங்கம்மா" என்றேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த மஞ்சப் பையின் காதை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். விரல் நுனி வெளுத்துப் போனது. "இல்லன்னு சொல்லுல" என்றாள். "நஹி" என்றேன். அடுத்த கேள்வி எனக்கே புரியவில்லை. அம்மாவிடம் கேட்காமலே அதற்கும் "நஹி" சொன்னேன்.

வயிற்று வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து ஊரிலிருந்து சித்தி வந்து கேட்டபோதுதான் அம்மா வாய் திறந்தாள். அதற்குள் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பரவி, சிறுநீர்ப் பாதையை அடைத்துவிட்டது. 2000 பொங்கலுக்கு அம்மா இல்லை.

இதில் ஆம்பளைக்கு என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். அந்த அறையில் இருந்தவன் நான், அதனால் பேசுகிறேன். டாக்டரையும் குறை சொல்லவில்லை, வெளியே அத்தனை பெரிய வரிசை. பாஷை தெரிந்தவர்களே போவதில்லையே என்றால், அதுவும் நிஜம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு இரண்டு பேர்கூட இந்தப் பரிசோதனை செய்துகொண்டதில்லை.

இத்தனைக்கும் வழி இதே ஊரில் இருந்தது. 1998-ல் டாடா மெமோரியல் மருத்துவமனை மும்பைக் குடிசைப் பகுதிகளில் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. பத்தாவது படித்த பெண்களுக்கு இந்தப் பரிசோதனை செய்யச் சில வாரம் பயிற்சி. வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து கர்ப்பப்பை வாயில் தடவினால், புற்றாக மாறத் தொடங்கிய இடம் ஒரு நிமிஷத்தில் வெளுத்துத் தெரியும். பரிசோதனை கிடைத்த பெண்களிடையே இந்த நோயால் சாவது 31 சதவீதம் குறைந்ததாக 2013-ல் சொன்னார்கள். பெண்ணிடம் பெண்ணே போய்க் கேட்ட வேலை அது. நடுவில் எந்தப் பையனும் இல்லை.

இன்னொன்று, நீங்கள் கேட்காததுதான்: சர்நேம். நமக்கு ஏது சர்நேம்? என் அம்மாவுக்கு ஒரு சீட்டில் அப்பா பெயர், இன்னொன்றில் தாத்தா பெயர், மூன்றாவதில் ஊர்ப் பெயர். பழைய பேப்பரைத் தேடினால் கிடைக்காது. போகும்போதெல்லாம் புது நோயாளி. இன்றைக்கும் என் மகளின் பள்ளிக்கூட ஃபாரத்தில் இதே சண்டைதான் போடுகிறேன்.

நீங்களே அரை நாள் லீவு போடுங்கள். முடியாவிட்டால் பக்கத்து வீட்டு அக்கா யாராவது, அல்லது உங்கள் ஏரியா ஹெல்த் போஸ்ட்டில் (மாநகராட்சியின் சின்ன சுகாதார மையம்) தமிழ் தெரிந்த பெண் இருக்கிறாரா என்று கேளுங்கள். கவுண்டரில் "பச்சேதானி கே மூ கே கேன்சர் கி ஜாஞ்ச்" என்றால் புரியும். 30 முதல் 65 வயது வரை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை என்பது அரசு விதிமுறை.

அம்மாவுக்கு ஒன்றுமில்லை, சும்மா செக்கப்தான் என்கிறீர்கள். அவரிடம் கேட்டீர்களா? இன்றைக்கு ராத்திரி தம்பி வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். நாற்றத்தோடு வெள்ளை படுகிறதா, மாதவிலக்கு நின்றபின் ரத்தம் படுகிறதா, அப்பாவோடு இருந்தபின் படுகிறதா. கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் பரிசோதனை கேம்ப் வரட்டும் என்று காத்திருக்காமல் நேராகப் பெண்கள் நோய்ப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். பழைய கேஸ் பேப்பர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே சொல்லுங்கள்.